பன்னிரண்டாவது மெஷின்

பழவேற்காடு
9 ஜூலை 2024

தினகரனுக்கு,

உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ இதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். இந்த வரி வரை வந்திருந்தால், அதற்கே நன்றி.

உன் பழைய நம்பரை வேறு யாரோ எடுக்கிறார். தெலுங்கில் திட்டினார். விசாகப்பட்டின விலாசத்தைச் சித்தி மகள் ஷாலினி தந்தாள். "எழுதறதுன்னா எழுதுக்கா, ஆனா நான் குடுத்தேன்னு சொல்லாத" என்றாள். சொல்லிவிட்டேன். அவள்மேல் கோபப்படாதே.

ஆறு வருடம் கழித்து எழுதுகிற கடிதத்தில் நலம் விசாரிக்க வேண்டும். எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அக்காவாக இல்லை, ஏரியோர மகளிர் கூட்டமைப்பின் செயலாளராக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

குப்பங்களில் நம் தகவல் மையங்கள் இன்னும் நடக்கின்றன. நீ 2016இல் ஒவ்வொரு ஊராகப் படகில் ஏற்றிக்கொண்டு போய் வைத்த கம்ப்யூட்டர் மெஷின்களில் பாதிக்கு மேல் இப்போது புதியவை. ஆனால் உள்ளே ஓடுவது அதே சாமான்தான். நீ ஒரு குறுந்தகட்டில் கொண்டுவந்து எல்லாவற்றிலும் போட்டாயே, அதைத்தான் புது மெஷின்களிலும் நகல் எடுத்துப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம்.

மையங்களுக்கு உதவுகிற சென்னை அறக்கட்டளை இந்த வருடம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. எல்லா மெஷின்களிலும் முறையாக லைசென்ஸ் வாங்கிய மென்பொருள்தான் இருக்க வேண்டும். செப்டம்பர் 30க்குள் செயலாளர் கையெழுத்துப் போட்டு உறுதிமொழி தர வேண்டும். தந்தால் இன்னும் மூன்று வருடம் மையங்கள் நடக்கும். தராவிட்டால் அக்டோபரில் பூட்டு. தடைக்கால நிவாரண மனுவிலிருந்து காற்று எச்சரிக்கை வரை நம் பெண்கள் இப்போது அங்கேதான் வருகிறார்கள். பூட்டினால் பழையபடி ஒவ்வொரு தாளுக்கும் பொன்னேரிக்குப் பஸ் ஏற வேண்டும்.

மூன்று விலைப்பட்டியல்கள் வந்திருக்கின்றன. ஒன்று ஆளுக்கு ஒரு லைசென்ஸ், வருடச் சந்தா. இன்னொன்று மெஷினுக்கு ஒன்று, மொத்தமாக வாங்கும் ஒப்பந்தம். மூன்றாவது வாட்ஸ்அப்பில் வந்தது, 'வாழ்நாள் முழுதும்' என்று போட்டிருக்கிறது, விலை சிரிப்பு வருகிற அளவுக்குக் குறைவு. மூன்று இரவு படித்தும் எதற்கும் எதற்கும் என்ன வித்தியாசம் என்று புரியவில்லை. பி.காம். படித்தவள் என்று ஊரில் பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டு விழிக்கிறேன்.

வேறு யாரையும் கேட்கத் தோன்றவில்லை. அது பொய். இரண்டு பேரைக் கேட்டேன். இரண்டு பேரும் அவரவர் விற்கிறதைத்தான் சொன்னார்கள்.

மாலா


விசாகப்பட்டினம்
18 ஜூலை 2024

செயலாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

குறுந்தகட்டைப் பற்றி நீ எழுதிய விதத்திலேயே தெரிகிறது, இதெல்லாம் என்னால்தான் என்று. ஆமாம், என்னால்தான். அன்று கூட்டமைப்பிடம் மெஷின் வாங்கத்தான் காசு இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இப்போது இங்கே கப்பல் முகவர் ஆபீஸ் ஒன்றில் நானூறு மெஷின்களுக்கு லைசென்ஸ் பார்ப்பதுதான் என் வேலை. இது உனக்குச் சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள்.

முதலில் மூன்றாவது பட்டியலைக் கிழித்துப் போடு. அது என் குறுந்தகடுதான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. எங்கோ ஒரு கம்பெனி வாங்கிய லைசென்ஸ் சாவியை ஆயிரம் பேருக்கு விற்கிறார்கள். ஒரு நாள் எல்லோருக்கும் சேர்த்து அணைந்துவிடும்.

மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்குத் தெரிய வேண்டியவை: எத்தனை மெஷின்? எத்தனை பேர் அதில் கை வைக்கிறார்கள்? ஒருவருக்கு ஒரே மெஷினா, மாற்றி மாற்றியா? மழைக்காலத்தில் எத்தனை நாள் இணையம் இருக்காது? மெஷின்களின் பின்னால் அசல் ஸ்டிக்கர் இருக்கிறதா?

ஊகித்து எழுதாதே. எண்ணிப் பார்த்து எழுது.

போன் நம்பர் தரவில்லை. போனில் என்றால் நீ அழுவாய், நான் கத்துவேன். தாளில் இரண்டும் முடியாது.

தினகரன்


பழவேற்காடு
27 ஜூலை 2024

தினகரனுக்கு,

பதிலுக்கு நன்றி. 'செயலாளர் அவர்களுக்கு' என்று படித்தபோது என் வீட்டுக்காரர், உன் மாமா, பக்கத்தில் இருந்தார். "கரெக்டா மரியாதை குடுக்கறான்ல" என்று சொல்லிவிட்டு வலை பார்க்கப் போய்விட்டார். அந்த மனிதர் சிரித்தாரா இல்லையா என்று எனக்கு இருபது வருடமாகவே தெரிவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில். பதினோரு மெஷின். அதில் வேலை பார்ப்பவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். ஒருவருக்கு ஒன்று இல்லை, முறைதான். குப்பத்துக்கு ஐந்தாறு பெண்கள். இன்று இவள், நாளை அவள். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் முறையை நாத்தனாரிடம் கொடுத்துவிடுவாள். ஏரியில் சீட்டுப் போட்டு மீன்பிடி இடத்தை முறை வைத்துக்கொள்கிற பாடு எப்படியோ அப்படியே. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நமக்கு வேறு எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்றே தெரியாது போலிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் இணையம் ஒரு வாரம் பத்து நாள் போய்விடும். ஏரிக்கு அந்தப் பக்கக் குப்பங்களில் இன்னும் மோசம். ஸ்டிக்கர் பதினொன்றிலும் இருக்கிறது. நானே குனிந்து பார்த்தேன். ஒன்றில் பல்லி முட்டையும் இருந்தது.

முதல் பட்டியலைப் பெண்களிடம் படித்துக் காட்டினேன். ஆளுக்கு ஒரு லைசென்ஸ், ஆளுக்கு ஒரு பேர், ஆளுக்கு ஒரு கடவுச்சொல், அதை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்றேன். நண்டு விற்கிற செல்வம்மாளை நினைவிருக்கும். நம் மையத்தில் இப்போது அவள்தான் மூத்தவள்.

"இன்னாடி மாலா இது, ஆளுக்கொரு சாவியா? எங்க வூட்டுக்கே மொத்தம் ஒரு சாவிதான். அதையும் நெலப்படி மேல வெச்சுட்டுதான் போறோம், யாரு வந்தாலும் தொறந்துக்கட்டும்னு."

"அப்படி வெக்கக் கூடாதாம் அத்தை."

"அப்போ நான் நாத்தனாராண்ட சொல்லாம செத்துப்போயிட்டா, மெஷினு இன்னா பண்ணும்? அழுவுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு பயமும் வந்தது. இவர்கள் கடவுச்சொல்லைச் சுண்ணாம்பால் சுவரிலேயே எழுதிவைத்துவிடுவார்கள்.

எதை எடுப்பது? உன் வேலைக்கு நடுவே கேட்கிறேன். நன்றி என்று மூன்றாவது முறை எழுதினால் நடிக்கிறேன் என்பாய். எழுதவில்லை.

மாலா


விசாகப்பட்டினம்
5 ஆகஸ்ட் 2024

மாலாவுக்கு,

பதிலை நீயே எழுதிவிட்டாய். கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆளுக்கு ஒரு லைசென்ஸ் என்பது, ஒரே ஆள் ஆபீஸில் ஒரு மெஷின், வீட்டில் ஒன்று, கையில் போன் என்று மூன்று நான்கு இடங்களில் வேலை செய்கிற ஊர்களுக்கு. அங்கே ஆள் ஒன்று, மெஷின் பல. உங்களுடையது தலைகீழ். மெஷின் ஒரே இடத்தில் நிற்கிறது, ஆட்கள் வந்து போகிறார்கள். பாடு போடும்போது இடம் நகர்வதில்லை, முறைதான் நகர்கிறது. அதனால் இடத்தை எண்ணு, ஆளை எண்ணாதே. ஐம்பத்தெட்டு வேண்டாம், பதினொன்று போதும். இரண்டாவது பட்டியல்.

சந்தா வகை மாதம் ஒருமுறையாவது இணையத்தில் போய்த் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். முடியாவிட்டால் எழுத விடாது, படிக்க மட்டும் விடும். சரியாகக் கார்த்திகைப் புயலில் அது பூட்டிக்கொண்டால் உன் பெண்கள் என்ன செய்வார்கள்? ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்வதே உங்களுக்குச் சரி. மொத்த ஒப்பந்தத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி தருவார்கள். இத்தனை மெஷினில் போடலாம் என்று ஒரு எண்ணிக்கை இருக்கும். இணையம் இல்லாவிட்டால் போன் செய்தும் திறக்கலாம். அந்தச் சாவி நெலப்படி மேல் இருக்கக் கூடாது. உன் பெட்டியில் இருக்கட்டும். செல்வம்மா அத்தையிடம் சொல், இது வீட்டுச் சாவி இல்லை, கோயில் உண்டியல் சாவி என்று.

இன்னொன்று. இந்த ஒப்பந்தம், வாங்கும்போதே வருகிற அடிப்படை லைசென்ஸ் உள்ள மெஷினுக்கு மேலேதான் நிற்கும். அதற்காகத்தான் ஸ்டிக்கர் கேட்டேன். பல்லியையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடாதே.

தொண்டு நிறுவனம் என்று பதிவுச் சான்றிதழைக் காட்டினால் விலை நிறையக் குறையும். விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார். வாயைத் திறந்து கேள். இலவச மென்பொருளும் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஐம்பத்தெட்டுப் பேரும் முதலிலிருந்து பழக வேண்டும். உனக்கு இருப்பது ஏழு வாரம்.

பாடு என்று எழுதியதும் ஊர்ப் பாடு நோட்டு நினைவுக்கு வந்தது. நைனா போன பிறகு அவர் இடத்தில் என் பேர் ஏறியது அதில்தான். இப்போது அந்த நோட்டில் இல்லை. இருந்தும் கணக்கு எனக்கு மறக்கவில்லை பார்.

தினகரன்


பழவேற்காடு
1 அக்டோபர் 2024

தம்பி தினகரனுக்கு,

முடிந்தது. நேற்றுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது பட்டியலை எடுத்தோம். சான்றிதழைக் காட்டியதும் விற்பவர், "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். நீங்களும் சொல்லியிருக்கலாமே என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய். பன்னிரண்டு நாள் படகிலும் ஆட்டோவிலும் சுற்றி, ஒவ்வொரு மெஷினாகத் துடைத்துப் புதிதாகப் போட்டோம். நீ தாளில் வரிசையாக எழுதி அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு தைரியம் வந்திருக்காது. 'இடத்தை எண்ணு, ஆளை எண்ணாதே' என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே போனேன். வழியில் யார் எதைக் கேட்டாலும் அதில் பதில் இருந்தது.

செல்வம்மாள் புதுத் திரையைப் பார்த்து, "பொத்தானெல்லாம் எடம் மாறிப்போச்சு, ஆனா மூஞ்சி நல்லா கீது" என்றாள். உனக்கு வஞ்சிரம் கருவாடு தந்திருக்கிறாள். தனியாகப் பார்சலில் வருகிறது.

இப்போது செயலாளர் வேலை முடிந்தது. அக்காவாகக் கொஞ்சம் எழுதிக்கொள்ளட்டுமா?

துறைமுகம் பெரிதாகக் கூடாது என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்திருந்த மாதம் நீ அந்தத் துறைமுகத்து ஆபீஸிலேயே வேலைக்குச் சேர்ந்தாய். ஊர்க்கூட்டத்தில் உன் பேரைப் பாடு நோட்டிலிருந்து எடுப்பது என்று பேசினார்கள். பெண்களுக்கு அங்கே வாக்கு இல்லை. ஆனால் நோட்டு எழுதுவது நான். தேசப்பன் பெரியப்பா, "படிச்ச பொண்ணு, நீயே எழுதும்மா" என்று பேனாவை நீட்டினார். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? வேறு யாராவது எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். அதைத்தான் ஆறு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு யாராவது எழுதட்டும் என்று நான் ஏன் விடவில்லை? தப்பாக எழுதிவிடுவார்களோ என்று நினைத்தேன். எழுத்துப்பிழை வரக் கூடாது என்று நினைத்தேன், தினா. உன் பேர்மேல் கோடு போடும்போது ஸ்கேல் வைத்துப் போட்டேன்.

நீ அதைப் பார்த்தாய் என்று தெரியும். யாரோ போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் கேட்டதும் பதில் எழுதினாய். நன்றி. இது எத்தனையாவது என்று எண்ணாதே.

அக்கா மாலா


விசாகப்பட்டினம்
10 அக்டோபர் 2024

மாலாவுக்கு,

கருவாடு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிடாதது ஆச்சரியம். இரண்டு நாள் சோறு அதிகமாக இறங்கியது. அத்தையிடம் சொல்.

ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு என்று எனக்குத் தெரியும். கோடு நேராக இருந்ததால்தான் அது உன் கை என்று கண்டுபிடித்தேன். இதைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

வேறு ஒன்று. உன் கடிதத்தை மறுபடி படித்தபோது பதினொன்று என்ற எண் உறுத்தியது. கூட்டமைப்பு வாங்கியது பதினொன்று, சரி. ஆனால் 2017இல் மிச்சமிருந்த பாகங்களை எல்லாம் சேர்த்து நான் ஒன்று கட்டினேனே, ஓடைமேட்டில் முனியன் வீட்டில் வைத்தது? அவர் மனைவி எல்லம்மாவும் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற மற்ற பெண்களும் கற்றுக்கொண்டார்கள். மெஷின் பெட்டியில் பெயிண்டால் 12 என்று எழுதினேன்.

அது செத்துவிட்டதா? செத்திருந்தால் பரவாயில்லை. ஓடுகிறது என்றால், அதில் இன்னும் என் குறுந்தகடுதான் இருக்கிறது. நீ 'எல்லா மெஷினும்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

தினகரன்


பழவேற்காடு
19 அக்டோபர் 2024

தினா,

ஓடுகிறது.

உன் கடிதம் வந்த அன்றே மதியம் ஓடைமேட்டுக்குப் போனேன். முனியன் வீட்டில் பழைய புடவைத் துண்டைப் போர்த்தி வைத்திருந்தார்கள். விலக்கினால் 12 என்று உன் எழுத்து, பெயிண்ட் கொஞ்சம்கூட உரியவில்லை. ஆறு பெண்கள் முறை வைத்து வருகிறார்கள். எத்தனை கிலோ இறால், என்ன தேதி, யார் வாங்கினார், எல்லாம் ஏழு வருடத்துக்கு இருக்கிறது. நம் பதினோரு மையங்களில் ஒன்றில்கூட இவ்வளவு சுத்தமாக இல்லை.

எல்லம்மா அப்போதுதான் ஏரியிலிருந்து ஏறி வந்தாள். பல்லில் கடித்துக்கொண்டிருந்த இறால் பறிக்கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையைப் பிழிந்துகொண்டே, "இன்னாமா மாலா, வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"எல்லா ஊர்லயும் புதுசா போட்டோம் எல்லம்மா. இங்க வுட்டுப்போச்சு. நீயாச்சும் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேள்விப்பட்டோம். எங்களுக்குக் கெடயாது போலன்னு நெனச்சோம். எந்த லிஸ்ட்ல எங்க பேரு கீது, இதுல இருக்கறதுக்கு?"

குத்திக்காட்டவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். முனியன்தான், "வுடு, டீ போடு" என்றார்.

திரும்பிப் படகில் வரும்போதுதான் எங்கே தப்பு செய்தேன் என்று தெரிந்தது. 'எண்ணிப் பார்த்து எழுது' என்றாய். மெஷின்களை எண்ண நான் எடுத்த நோட்டு எது தெரியுமா? பாடு நோட்டு. குப்பங்களின் பேர் வரிசையாக அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு குப்பமாக டிக் அடித்துக்கொண்டே போனேன். பாடு உள்ள ஊர் பதினொன்று. வலையில்லாமல் கையால் பிடிக்கிறவர்களுக்குப் பாடு எப்போதுமே கிடையாது. அதனால் ஓடைமேடு அந்த நோட்டில் இல்லை. அதனால் என் கண்ணிலும் இல்லை. அந்த ஆறு பெண்களும் 2019இலிருந்து கூட்டமைப்பில் உறுப்பினர்கள். சேர்த்துக்கொண்டு ரசீது எழுதியது நான்.

அதே நோட்டு, தினா. அதே கை. ஒரு முறை இருந்த பேரை எடுத்தேன். இந்த முறை எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

இப்போது என்ன செய்வது? ஒப்பந்தத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அந்த மெஷினைத் தூக்கிக் கடாசிவிட்டால் என் கையெழுத்து உண்மையாகிவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். யார் என்று எழுத மாட்டேன். நானே ஒரு நிமிடம் அப்படி நினைத்தேன். அறக்கட்டளைக்குச் சொன்னால் பொய் உறுதிமொழி என்று பதினொன்றையும் பூட்டிவிடலாம். சொல்லாவிட்டால் தெரியாமலே போகலாம்.

நீ நினைவு வைத்திருந்ததற்கு நன்றி. நீ மறந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனாலும் நன்றிதான்.

மாலா


விசாகப்பட்டினம்
26 அக்டோபர் 2024

அக்கா,

கடாசாதே. சொல்லிவிடு. அவர்கள் கேட்பதற்கு முன் நீ சொல்.

பயப்படாமல் நான் சொல்வதைச் செய். ஒப்பந்தத்தை எடுத்து ஏழாம் பக்கத்தைப் பார். நீ அனுப்பிய நகலில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி வைத்திருக்கிறேன். யாரும் படிக்காத பக்கம் அது. ஒப்பந்தம் தொடங்கிய தேதியிலிருந்து ஒரு வருடம் முடிவதற்குள், விட்டுப்போன மெஷினையும் புதிதாகச் சேர்ந்ததையும் எண்ணிச் சொல்லி அதே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தண்டம் இல்லை, புது ஒப்பந்தம் தேவையில்லை. இத்தனை மெஷின் வாங்குகிற இடங்களில் யாராவது ஒருவர் தப்பாக எண்ணுவார் என்று எழுதியவர்களுக்கே தெரியும். எங்கள் ஆபீஸில் வருடா வருடம் பத்து பதினைந்து விட்டுப்போகும். என் கண்ணிலிருந்தும்தான்.

ஒரு சிக்கல். 12க்கு அடிப்படை லைசென்ஸ் கிடையாது, நான் மிச்சம் மீதியில் கட்டியது. அதன்மேல் இந்த லைசென்ஸ் நிற்காது. எங்கள் ஆபீஸில் பழைய மெஷின்களை ஊழியர்களுக்கே தருகிறார்கள். பின்னால் அசல் ஸ்டிக்கரோடு ஒன்று எனக்குக் கிடைத்தது. இன்று காலை லாரி பார்சலில் போட்டேன், பொன்னேரியில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லம்மாக்காவின் ஏழு வருடக் கணக்கை முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் பழையதை அணைக்க வேண்டும். எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

குறுந்தகடு என் வேலை. அதனால் இந்த மெஷினும் என் வேலை. நன்றி சொல்லாதே.

இன்னொன்று. நீ என் பேரை எடுத்த நாளில் எனக்கு வந்த கோபம் கோட்டின்மேல் இல்லை. அன்று ராத்திரி நீ சோறு போட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டாய். அதன்மேல்தான். நீ எழுதிய கடிதத்தில் அந்த ராத்திரிக்கான பதில் வந்துவிட்டது. போதும்.

தினா


பழவேற்காடு
30 ஜனவரி 2025

தினாவுக்கு,

மூன்று மாதம் எழுதாததற்குக் காரணம், பாதிக் கதையை எழுதக் கூடாது என்றிருந்தேன்.

அறக்கட்டளைக்கு நவம்பர் முதல் வாரமே எழுதினேன். நடந்ததை நடந்தபடி, எந்த நோட்டைப் பார்த்து எண்ணினேன் என்பது உட்பட. பதில் இல்லை. இருபது நாள் தூக்கமில்லை. பிறகு பிராங்க்ளின் என்று ஒரு அதிகாரி நேரில் வந்தார். பதினொன்றையும் பார்க்கவில்லை. "பன்னிரண்டாவதைக் காட்டுங்கள்" என்றார்.

உன் மெஷின் அதற்குள் ஓடைமேட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் பக்கத்தின்படி பன்னிரண்டாவதாகச் சேர்த்த ரசீதும் கையில் இருந்தது. எல்லம்மா அவருக்கு ஏழு வருடத்து இறாலையும் காட்டினாள். எந்த மாதம் எந்தப் பக்கம் குறைந்தது, எந்த வருடம் முகத்துவாரம் அடைபட்டு வரத்து நின்றது, எல்லாம். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதையெல்லாம் யார் செய்யச் சொன்னது?" என்று கேட்டார்.

"மெஷினு குடுத்த தம்பி, தெனம் எழுதணும்னு சொல்லிச்சு. அப்புறம் அது வரவேயில்ல, நிறுத்துன்னு சொல்றதுக்கு. நாங்க எழுதினேகீறோம்."

மூன்று வருடத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. பன்னிரண்டு மையங்களுக்கு. புது உறுதிமொழியில் அறுபத்து நான்கு பேரின் பேரையும் பின்னிணைப்பாக வைத்தேன். அவர்கள் கேட்கவில்லை. லைசென்ஸுக்கு ஆளை எண்ண வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது. ஓடைமேட்டை முதலில் எழுதினேன்.

நீ சொல்ல வேண்டாம் என்றாலும் நன்றி. உன்னிடம் மட்டுமல்ல. விற்பவரிடம், பிராங்க்ளினிடம், ஏழாம் பக்கத்தை எழுதிய முகம் தெரியாத அந்த ஆளிடமும். விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்ள ஒரு வருடம் தரலாம் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. நம் ஊர் நோட்டில் அப்படி ஒரு பக்கம் கிடையாது.

அதனால் போன வாரம், தைப் பாடு போடுவதற்கு ஊர் கூடியபோது, நோட்டைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"எழுதும்மா" என்றார் தேசப்பன் பெரியப்பா.

"எழுதறேன் பெரியப்பா. ஆனா மொதல்ல ரெண்டு பேர சேக்கணும்."

ஒன்று ஓடைமேடு. சத்தம் வந்தது. "வலையே இல்லாதவங்களுக்கு இன்னா பாடு?" என்றார்கள். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளிவிட்டார்கள். தள்ளியதையே தீர்மானமாக எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் நானே படிப்பேன்.

இரண்டாவது உன் பேர். உன் மாமா எழுந்தார். அந்த மனிதர் ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"எங்க மச்சான் துறைமுகத்துல வேலை பாத்தது ஒன்றர வருசம். இங்க எட்டு வருசமா அவன் வெச்ச மெஷின்லதான் உங்க வூட்டுப் பொம்பளைங்க காத்து எப்ப வரும்னு பாத்துச் சொல்றாங்க. கடலுக்குப் போறப்ப அத கேட்டுக்கினுதானே போறீங்க?"

"அதுக்கு?" என்றார் ஒருவர்.

"அதுக்குதான் சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "எடுத்தது நீதானே, நீயே சேத்துக்கோ" என்றார். பிறகு மெதுவாக, "எடுக்கச் சொன்னது நான்" என்றார்.

கோடு போட்ட பேரின் பக்கத்தில் மறுபடி எழுத மனம் வரவில்லை. பட்டியல் முழுவதையும் நம் மையத்து மெஷினில் புதிதாக அடித்தேன். செல்வம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகப் படித்துச் சரிபார்த்தாள். தினகரன், நாற்பத்து மூன்றாவது வரி. கோடு இல்லை.

சீட்டு எடுத்ததில் உனக்கு பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை விழுந்திருக்கிறது. முகத்துவாரத்துக்கு மேற்கே, நைனா 'சோறு போடற எடம்' என்பாரே, அங்கே. ஆள் வர முடியாவிட்டால் முறையைச் சொந்தத்தில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்பது வழக்கம். உன் மாமாவே கேட்டார், கொடுக்கட்டுமா என்று. மாட்டேன் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை அந்த இடம் உன் பேரில் இருக்கும். நீ வராவிட்டால் சும்மா இருக்கும்.

அக்கா


விசாகப்பட்டினம்
7 பிப்ரவரி 2025

அக்கா,

டிக்கெட் போட்டுவிட்டேன். 20ஆம் தேதி காலை சென்னை, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி. யாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், பஸ் எனக்குத் தெரியும்.

நைனாவின் வலை இருக்கிறதா, எலி தின்றுவிட்டதா? இருந்தால் வெயிலில் போட்டு, கிழிந்த இடத்தை மாமாவைப் பார்க்கச் சொல். படகைக் கழியால் தள்ள அவரும் வர வேண்டும். ஏழு வருடமாக நான் தள்ளியது மௌஸ்தான்.

ஓடைமேட்டுக்கும் ஒரு நாள் போக வேண்டும். எல்லம்மாக்காவிடம் சொல், நிறுத்தச் சொல்ல வரவில்லை என்று.

என் போன் நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது. நீ அழுதால் அழுதுகொள். நான் கத்த மாட்டேன்.

ராத்திரிக்கு ரசம் வை.

தினா